ஒயிட் வைன்ல கொப்பரைத் தேங்கா வாசம் வருது, கெட்டுப்போச்சா இல்ல இப்படித்தானா?

லேத்துக்காரன்_காவேரிப்பட்டணம்:

வணக்கம் மக்களே. ஓசூர்ல ஒரு மெஷின் ஷாப்ல வேலை, வீடு காவேரிப்பட்டணம். போன மாசம் எங்க கம்பெனிக்கு புது கிரைண்டிங் மெஷின் வந்துச்சு, அதை செட் பண்ணித்தர ஸ்பெயின்ல இருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தாரு, எல்கோய்பார்னு பாஸ்க் பக்கம் ஒரு ஊராம், ஊரே மெஷின் டூல் செய்யற ஊராம். பத்து நாள் என்கூடவே இருந்தாரு, நல்ல மனுஷன், ஒரு நாள் என் டப்பால இருந்த களியக்கூட கேட்டு வாங்கி சாப்பிட்டாரு. முழுங்கணும்னு தெரியாம மென்னுக்கிட்டே இருந்தாரு பாவம். கிளம்பற அன்னிக்கு பெட்டில இருந்து ஒரு பாட்டில் எடுத்து கைல குடுத்துட்டாரு, எங்க ஊருக்குப் பக்கத்து வைன், மெதுவா குடின்னாரு.

ரியோகா ஒயிட், ரியோகாங்கறது ஸ்பெயின்ல வைனுக்குப் பேர்போன பக்கம். லேபிள்ல 'ஃபெர்மென்டாடோ என் பாரிக்கா'ன்னு போட்டிருக்கு, போன்ல போட்டுப் பாத்தா பீப்பாய்ல நொதிக்க வச்சதுன்னு வருது. ஆல்கஹால் 13 சதவீதம்.

இப்ப மேட்டர் என்னன்னா, இதுக்கு முன்னாடி பெங்களூர்ல ஒரு கல்யாண பார்ட்டில ஒரு தடவை ஒயிட் வைன் குடிச்சிருக்கேன், அது தண்ணி மாதிரி வெளுப்பா, எலுமிச்ச கொய்யா வாசத்தோட சுள்ளுனு இருந்துச்சு. அதை நினைச்சுக்கிட்டு இதை ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து சில்வர் டம்ளர்ல ஊத்தினா கலர் நல்ல மஞ்சள், வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி. முதல் வாய்க்கு ஒண்ணுமே தெரியல, சில்லுனு மட்டும் இருந்துச்சு. அப்பறம் கரண்ட் போச்சு, இன்வெர்ட்டர் பாக்க மாடிக்குப் போயிட்டு அரை மணி கழிச்சு வந்து மோந்தா கொப்பரைத் தேங்கா வாசம், அதுக்குப் பின்னாடி வெண்ண, லேசா புகை. வீட்டுக்காரம்மா மோந்து பாத்துட்டு "நெய் காய்ச்சின சட்டியக் கழுவாம ஊத்தினியா"ன்னு கேக்குது. வாய்ல வச்சா புளிப்பு கம்மி, வழவழன்னு ஒரு கனம். இதுபோக கார்க்கோட அடியில கல்கண்டுத் தூள் மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

வெயில்ல கெட்டுப்போச்சா? வழில கார்ல வச்சிருந்தாரோ என்னமோ. முக்கால் பாட்டில் அப்படியே இருக்கு, கொட்ட மனசு வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மத்தூர்_மாப்ள:

கெட்டுப்போச்சுண்ணா, கண்டிப்பா கெட்டுப்போச்சு. கொட்டிடாதீங்க, அட்ரஸ் அனுப்பறேன், நான் வந்து முறைப்படி அப்புறப்படுத்தறேன்.


பர்கூர்க்காரி:

அண்ணா கெடல. நீங்க சொன்ன ஒவ்வொரு வாசமும் அந்தப் பீப்பாய்லயும் அதுக்குள்ள நடந்த வேலையிலயும் இருந்து வந்ததுதான். நான் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரில குவாலிட்டி பாக்கறேன், காலேஜ்ல படிச்சது உணவுத் தொழில்நுட்பம், நொதித்தல் எனக்குப் பிடிச்ச பேப்பர். தப்பு இருந்தா யாராச்சும் திருத்துங்க.

முதல்ல கல்கண்டு. அது டார்டாரிக் ஆசிட்டோட உப்பு. நம்ம புளில இருக்குதே அதே டார்டாரிக் திராட்சைலயும் உண்டு, ரொம்ப சில்லு ஆச்சுன்னா படிகமா இறங்கிடும். ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ்ல வச்சீங்க இல்ல, அதான். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, ஊத்தும்போது கடைசிச் சொட்டு மட்டும் விட்டுடுங்க.

கொப்பரை வாசம் பீப்பாய் செய்யற ஓக் மரத்துல இருந்து வருது. லாக்டோன்ங்கற வேதிப்பொருள் குடும்பம் ஒண்ணு இருக்கு, தேங்காய்க்கு அந்த வாசம் வரதும் அந்தக் குடும்பத்தாலதான், ஓக் மரத்துலயே அதுல ஒண்ணு இருக்கு. பிரெஞ்சு ஓக்ல கம்மி, அமெரிக்க ஓக்ல ஜாஸ்தி. ரியோகாக்காரங்க ரொம்ப காலமா அமெரிக்க ஓக் வாங்கிப் பழகினவங்க, அதனால உங்க மூக்கு பொய் சொல்லல. நீங்க லேத்துக்காரர்ங்கறதால ஒண்ணு சொல்றேன், அமெரிக்க ஓக்க ரம்பம் வச்சு அறுத்தே பலகை எடுக்கலாம், பிரெஞ்சு ஓக்க அப்படி அறுத்தா வைன் கசிஞ்சுடும், ரேகை ஓடற போக்குலயே பிளக்கணும், அதுல நிறைய மரம் வேஸ்ட் ஆயிடும், விலை ஏற அது ஒரு காரணம்.

புகை வாசத்துக்குக் காரணம் நெருப்பு. பலகைய வளைக்கறதுக்கு உள்ள தீ மூட்டுவாங்க, வளைஞ்ச பிறகும் உள்பக்கத்த வேணுங்கற அளவுக்கு வாட்டுவாங்க. லேசா வாட்டினது, நடுத்தரமா வாட்டினது, நல்லாக் கருக்கினதுன்னு ஆர்டர் குடுத்தே வாங்கலாமாம். வெனிலா, கிராம்பு, வறுத்த வாசம் எல்லாம் அங்கதான் உண்டாகுது, இல்ல கூடுது.

வெண்ண வாசம் மட்டும் மரத்துல இருந்து வரல. பழத்துல மாலிக் ஆசிட் இருக்கும், பச்ச ஆப்பிளக் கடிச்சா பல்லு கூசுற புளிப்பு. ஈஸ்ட் சர்க்கரைய ஆல்கஹாலா மாத்தற தன் வேலைய முடிச்ச பிறகு பாக்டீரியா வந்து அதை லாக்டிக் ஆசிட்டா மாத்தும், அதாவது தயிர்ப் புளிப்பு. அந்த வேலைல டைஅசிடைல்னு ஒண்ணு வரும், வெண்ணக்கு வெண்ண வாசம் குடுக்கறதே அதுதான், பாப்கார்ன்ல வெண்ண ஃப்ளேவர்னு ரொம்ப காலம் சேத்துக்கிட்டு இருந்ததும் அதுதான். அதான் உங்களுக்குப் புளிப்பும் கம்மியாத் தெரிஞ்சது. எல்லா பீப்பாய் வைன்லயும் இதை நடக்க விடமாட்டாங்க, சில பேரு புளிப்பு வேணும்னு நிறுத்திடுவாங்க. உங்க பாட்டில்ல விட்டிருக்காங்கன்னு வாசத்த வச்சு சொல்றேன்.

வழவழன்னு கனம் இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் வண்டல். வேலை முடிச்ச ஈஸ்ட் செத்து அடியில தங்கும், அதை உடனே எடுக்காம மாசக்கணக்குல வைனோட அப்படியே விட்டு அப்பப்ப ஒரு கோல விட்டுக் கலக்கி விடுவாங்க. பாட்டி மத்து போட்டு மோர் கடையற மாதிரி வேகமா இல்ல, மெதுவா ஒரு சுத்து. செத்த ஈஸ்ட் கரையக் கரைய வைனுக்கு அந்த உடம்பு வரும், பன் சுட்ட வாசமும் கொஞ்சம் வரும்.


சந்தைக்கு_வந்தவன்:

ஒரு டவுட் அக்கா. பீப்பாய்ல நொதிக்க வைக்கறதும், எவர்சில்வர் டேங்க்ல நொதிக்க வச்சு அப்பறம் பீப்பாய்ல ஊத்தி வைக்கறதும் ஒண்ணுதானே? மரம் மரந்தானே?


பர்கூர்க்காரி:

ஒண்ணு இல்லப்பா, இதுல வேடிக்கையே அங்கதான் இருக்கு. மரத்துக்குள்ளயே நொதிச்சதுல மர வாசம் ஜாஸ்தி இருக்கும்னுதானே நினைப்போம்? பெரும்பாலும் நேர் எதிர். உயிரோட இருக்கற ஈஸ்ட், மரத்துல இருந்து வர வெனிலின்ல ஒரு பங்க வாசமே இல்லாத வேற பொருளா மாத்திடுது, மரத்தோட துவர்ப்பக் கொஞ்சம் வண்டல் இழுத்துக்குது. முடிஞ்ச வைனக் கொண்டு போய்ப் புதுப் பீப்பாய்ல ஊத்தினா இதெல்லாம் செய்ய ஆள் இல்ல, மரம் தனியாத் துருத்திக்கிட்டு நிக்கும். கிராம்பு பட்டைய அரைச்சு மசாலாவோட கொதிக்க விட்ட குழம்புக்கும், இறக்கின பிறகு மேல தாளிச்சுக் கொட்டின குழம்புக்கும் இருக்கற வித்தியாசம்னு வச்சுக்க. ரெண்டாவதுல தாளிப்பு மேலயே மிதக்கும்.

டேங்க்ல சுத்தி குளிர் தண்ணி ஓடவிட்டு 12லருந்து 16 டிகிரிக்குள்ள வச்சு மெதுவா நொதிக்க விடுவாங்க, அந்தக் கொய்யா எலுமிச்ச வாசம் தங்கறது அப்படித்தான், நீங்க கல்யாணத்துல குடிச்சது அந்த ரகமா இருக்கும் அண்ணா. பீப்பாய்ல சூடு 20ஐத் தாண்டும், பழ வாசம் கொஞ்சம் போகும், பதிலுக்கு வேற வரும். ரியோகால ஒரு பீப்பாய் 225 லிட்டர், கணக்குப் பண்ணா சரியா 300 பாட்டில். ஃப்ரான்ஸ்ல பர்கண்டி பக்கம் 228 லிட்டர். சின்னது ஆகறதால சூடு ஓரளவு தானாவே வெளிய போயிடும். நுரை பொங்கும்னு முழுசா ரொப்பாம மேல இடம் விட்டு ஊத்துவாங்க, இட்லி மாவுக்குப் பாதிப் பாத்திரம் விடற அதே கதை.

இன்னொண்ணு, எல்லா பீப்பாயும் ஒரே அளவுக்குக் குடுக்காது. புதுப் பானைல தண்ணி ஊத்தினா முதல் நாள் மண் வாசம் தூக்கும், ஒரு மாசம் போனா பானை இருக்கறதே தெரியாது இல்ல? அதே. மூணு நாலு அறுவடை கண்ட பீப்பாய் வாசம் குடுக்கறத ஏறக்குறைய நிறுத்திடும், மரத்துத் துளை வழியா காத்து மட்டும் துளித்துளியா விடும். விவரமானவங்க புதுசும் பழசும் கலந்து வச்சுக்குவாங்க.


பென்னாகரம்_கப்பல்காரன்:

அக்கா சொன்னது அத்தனையும் கரெக்ட். நான் பயணக் கப்பல்ல 9 வருஷம் பார்ல வேலை பாத்துட்டு இப்ப ஊர்ல நிலக்கடலையும் ரெண்டு மாடும். குடிக்கற விதத்த நான் சொல்றேன்.

தம்பி, சில்வர் டம்ளர மொதல்ல தூக்கி வைங்க. வைன் கிளாஸ் இல்லன்னா பரவால்ல, வாய் உள்வாங்கின மாதிரி எந்தக் கண்ணாடி கிளாஸா இருந்தாலும் போதும். மூணுல ஒரு பங்கு ஊத்துங்க, மேல வாசம் நிக்க இடம் வேணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே 4, 5 டிகிரில குடிச்சா நாக்கு மரத்துப் போயிடும், மரத்தோட கசப்பு மட்டும் தூக்கும். 10லருந்து 13 டிகிரி இதுக்கு சரி. அதாவது எடுத்து வெளிய வச்சு ஒரு 15 நிமிஷம், சித்திரை வெயில்னா 10 போதும். ரூம் டெம்பரேச்சர்னு எவனாச்சும் சொன்னா அது நம்ம தர்மபுரி ரூம் கிடையாது. உங்களுக்குக் கரண்ட் போனது ஒரு வகைல நல்லதாப் போச்சு, ஆனா அரை மணி ஓவர், ஆல்கஹால் மூக்குல ஏறியிருக்கும்.

இப்ப மோந்து பாருங்க. கிளாஸ ஆட்டாம ஒரு தடவை, ஒரு சுத்து சுத்திட்டு இன்னொரு தடவை. எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா முதல்ல வர வெனிலா வெண்ணயோட ஆஹான்னு நிறுத்திடறது. அதெல்லாம் வாசல்ல நிக்கற வாட்ச்மேன். அவரத் தாண்டி உள்ள போயி பழம் இருக்கான்னு தேடணும். உங்களுது ரியோகான்னா பெரும்பாலும் வியூராங்கற திராட்சை, அது சத்தம் போடற பழம் இல்ல, ஆப்பிள், எலுமிச்சத் தோல், லேசா பூ, அந்த அளவுக்குத்தான். தேடினா கிடைக்கும். கிடைச்சா நல்ல வைன். எவ்வளவு தேடினாலும் பலகை வாசம் மட்டுந்தான்னா தச்சுப் பட்டறைல உக்காந்து குடிச்ச மாதிரி, அது எத்தன யூரோ குடுத்து வாங்கினாலும் அப்படித்தான்.

வாய்ல கொஞ்சம் எடுத்து உடனே முழுங்காம கன்னத்துக்கு ரெண்டு பக்கமும் ஓட விடுங்க. களி மாதிரி முழுங்கக் கூடாது, உங்க ஸ்பெயின்காரர் மென்ன மாதிரி மெல்லணும் இதை. முழுங்கின பிறகு எண்ணுங்க, வாசம் எத்தன நேரம் நிக்குதுன்னு. கடைசில எச்சில் ஊறுச்சுன்னா புளிப்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஊறாம வாய் வறண்டு மரத்தூள் கடிச்ச மாதிரி இருந்தா மரம் ஜாஸ்தி.

கெட்டுப்போனது எப்படி இருக்கும்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க. வினிகர் வாசம், நெயில் பாலிஷ் வாசம், மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம், இல்ல கலர் பழுப்பாகி அடிபட்ட ஆப்பிள் வாசம், இதுல ஒண்ணு வந்தா யோசிக்காம கொட்டலாம். தீக்குச்சி கிழிச்ச வாசம் லேசா வந்தா பயப்படாதீங்க, ஷார்டனேங்கற திராட்சைல பண்ற பீப்பாய் வைன்ல அதை விரும்பித் தேடறவங்களே இருக்காங்க.

மிச்சத்த கார்க் போட்டு ஃப்ரிட்ஜ்ல நிக்க வைங்க, மூணு நாள் தாங்கும். ரெண்டாவது நாள் இன்னும் நல்லாக்கூட இருக்கலாம்.


தளி_ரோடு:

எல்லாரும் ஆஹா ஓஹோங்கறீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடறேன். நாசிக் பக்கம் ஒரு வைனரில ரெண்டு சீசன் பம்ப் ஆபரேட்டரா இருந்தேன். பாட்டில் மேல ஓக்னு போட்டதெல்லாம் பீப்பாய் பாக்கல சாமி. ஓக் மரத்துண்ட நெருப்புல வாட்டி வலைப்பைல கட்டி டேங்க்குள்ள தொங்கவிடுவாங்க, டீ பேக் மாதிரி. சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்ல, பல நாட்டுல செய்யறதுதான், ஆனா குடிக்கறவன் மேல பீப்பாய்க்கான காசு விழுது. அதனால லேபிள்ல 'ஓக்'னு மட்டும் இருக்கா, 'பீப்பாய்ல நொதித்தது'ன்னு இருக்கான்னு பாருங்க. லேத்துக்காரர் பாட்டில்ல தெளிவா இருக்கு, அதுல எனக்கு சண்டை இல்ல.

என் நாக்குக்கு மரமே வேண்டாம். 1990கள்ல வெண்ணயும் வெனிலாவுமா ஷார்டனே பண்ணித் தள்ளி, ஜனங்க திகட்டிப்போய் ஷார்டனே தவிர எது வேணா குடுன்னு கேக்கற நிலைமை வந்துச்சு உலகம் பூரா. அதே ஷார்டனேவ ஃப்ரான்ஸ்ல ஷாப்லி பக்கம் பெரும்பாலும் மர வாசம் இல்லாமத்தான் பண்றாங்க, அந்தத் திராட்சைக்கு ஒரு குறையும் இல்ல. நல்ல செந்தூராவுக்கு எதுக்குய்யா ஐஸ்கிரீம்?


பர்கூர்க்காரி:

அண்ணா செந்தூராவ அப்படியே சாப்பிடுங்க, யார் வேணாங்கறது. ஆனா பெங்களூராவ அப்படியே கடிச்சா அவ்வளவா ருசிக்காது, கூழாக்கினா பாதி இந்தியா ஜூஸுன்னு குடிக்குது. வியூராவும் கொஞ்சம் பெங்களூரா ரகம், தனியா விட்டா அடக்கமா இருக்கும், பீப்பாயும் வண்டலும் சேந்தா எழுந்து நிக்கும். சாவிக்னான் பிளாங்க் மாதிரி வாசத்துலயே ஆடற பழத்துக்கு மரம் வேண்டாம்னா நானும் பாதி ஒத்துக்கறேன். வலைப்பை விஷயம் உண்மைதான், அதுல வண்டல் கலக்கற வேலையோ மெதுவா காத்து போற வேலையோ இல்ல, வாசம் மட்டும் ஏத்தினது.


நல்லது_சொல்றேன்:

ஊர்ல தண்ணி இல்ல, இங்க தண்ணி அடிக்கறதுக்கு ஆராய்ச்சி. குடி குடியைக் கெடுக்கும்.


பென்னாகரம்_கப்பல்காரன்:

நீங்க சொல்றதுல தப்பு இல்லீங்க. நானே வாரத்துக்கு ஒரு கிளாஸ் தாண்டறது இல்ல, பார்ல நின்னு பாத்த கூத்து அப்படி. லேத்துக்காரர் தம்பி, 13 சதவீதம்னா சாதாரண பீர விட ரெண்டு மடங்குக்கும் மேல, டம்ளர் டம்ளரா ஊத்தாதீங்க. குடிச்சிட்டு வண்டி எடுக்காதீங்க. அப்பறம் எது கூட சாப்பிடறதுன்னு நீங்க கேக்கல, நானா சொல்றேன். காரக் குழம்பு வேண்டவே வேண்டாம், காரமும் ஆல்கஹாலும் சேந்து வாய் எரியும், வைன் கசக்கும். நெய், தேங்காப்பால், வறுத்தது, சுட்டது, இதுதான் ஜோடி. மசாலா கம்மியா பொரிச்ச டேம் மீன், வறுத்த நிலக்கடலை, நெய் ஊத்தின பருப்புச் சோறு இதெல்லாம் ட்ரை பண்ணுங்க.


லேத்துக்காரன்_காவேரிப்பட்டணம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. நேத்து ஞாயித்துக்கிழமை முறையா உக்காந்தேன். வைன் கிளாஸ் இல்ல, பையன் ஸ்கூல்ல ப்ரைஸா வாங்கின குண்டு கண்ணாடி கிளாஸ் ஒண்ணு இருந்துச்சு, அதுல. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து 12 நிமிஷம், போன்ல டைமர் வச்சு.

முதல்ல கொப்பரைதான், வாட்ச்மேன் சரியா நின்னாரு. அப்பறம் சுத்தினேன், சுத்தினேன், ஒண்ணும் வரல, கப்பல்காரரு சும்மா சொல்றாரோன்னு நினைச்சேன். ரெண்டாவது வாய் முழுங்கிட்டு சும்மா உக்காந்திருக்கும்போது திடீர்னு நாரத்தங்காத் தோல் கிள்ளின மாதிரி ஒரு வாசம் மூக்குக்குப் பின்னாடி இருந்து வந்துச்சு பாருங்க, மோந்தப்ப கிடைக்காதது முழுங்கின பிறகு வருது, இது எப்படின்னு பர்கூர் அக்கா சொல்லணும். எண்ணிப் பாத்தேன், பதினேழு வரைக்கும் நின்னுச்சு, எச்சிலும் ஊறுச்சு.

கேஆர்பி டேம் ஜிலேபி மீன உப்பு மஞ்சள் மிளகு மட்டும் போட்டுப் பொரிச்சுத் தரச் சொன்னேன், வீட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. மீனுக்கு சூப்பர். ஆசைக்கு முந்தின நாள் நாட்டுக்கோழிக் குழம்பு ஒரு வாய் வச்சுக் குடிச்சேன், சொன்ன மாதிரியே வெறும் கசப்பு, சளி மருந்து. ஆனா எல்லாத்தையும் விட வறுத்த கடலைதான் நின்னுச்சு, அந்தத் தீஞ்ச வாசமும் பீப்பாய் புகையும் ஒண்ணோட ஒண்ணு போயி ஒட்டிக்குது. ஸ்பெயின்காரருக்கு மெசேஜ் போட்டேன், கடலையோட குடிச்சேன்னு. அங்கயும் பாதாம் வறுத்து இப்படித்தான் சாப்பிடுவாங்களாம்.

தளி ரோடு அண்ணா, மரம் இல்லாததும் ஒண்ணு பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பாக்கணும்னு தோணுது, அப்பத்தான் உங்க கட்சியா அக்கா கட்சியான்னு சொல்ல முடியும்.

இன்னும் ஒரு கிளாஸ் அளவு இருக்கு, மூணாவது நாளைக்கு வச்சிருக்கேன். பாட்டில் நல்ல கனமா அழகா இருக்குதேன்னு எங்கம்மா இப்பவே செக்கு எண்ணெய் ஊத்தி வைக்க முன்பதிவு பண்ணிட்டாங்க.


மத்தூர்_மாப்ள:

அந்த ஒரு கிளாஸுக்கு நான் இன்னும் லைன்ல தான் இருக்கேண்ணா.


பர்கூர்க்காரி:

வாய்க்கும் மூக்குக்கும் தொண்டைக்குப் பின்னாடி வழி இருக்கு அண்ணா, முழுங்கிட்டு மூச்சு விடும்போது வாசம் அது வழியா மேல போகும். சளி பிடிச்சா சோறு ருசிக்காததும் அதனாலதான். நாரத்தங்கா நல்லா சொன்னீங்க, நான் இருந்தா எலுமிச்சன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்.